சாயக் குழிக்கு அடுத்த கிணறு

எண்பதுகளின் தொடக்கத்தில், நிலத்தடி நீரைப் பரிசோதிக்கும் ஓர் அலுவலகத்தில் தினக்கூலியாக இருந்தேன். அலுவலகம் தல்லாகுளத்தில். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கிணறுகளில் பாட்டிலை முக்கித் தண்ணீர் பிடிப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. தண்ணீருக்குள்ளேயே வைத்து, ஒரு குமிழிகூட உள்ளே தங்காமல் மூடி, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்ற வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது ஒத்துப்போயிற்று.

அப்போது எங்களுக்கு வந்த அதிகாரி, அதற்கு முன் வடக்கே எண்ணெய்க் கிணறுகளில் இருந்தவர். அங்கே எண்ணெயைத் தள்ளுவதற்காகப் பூமிக்குள் தண்ணீரை இறக்குவார்களாம். எண்ணெயோடு கலந்து மேலே வரும் தண்ணீர் தாங்கள் இறக்கியதா, பூமியில் வெகுகாலமாகக் கிடந்ததா என்று கண்டுபிடிப்பது அவர் பார்த்த வேலை.

வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு வெற்றிலைக் கொடிக்கால். அதை வைத்திருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. கொடிக்காலை ஒட்டி ஒரு சாயப்பட்டறை. துணி அலசிய தண்ணீரை அவர்கள் ஒரு திறந்த குழியில் விட்டார்கள். தன் கிணறு உப்புக் கரிக்கிறது, கொடி கருகுகிறது, காரணம் அந்தக் குழிதான் என்று அம்மாள் மனுக் கொடுத்திருந்தார். பட்டறைக்காரர் இல்லை என்றார். கொடிக்காலை விட்டால் அந்த அம்மாளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

முதல் தடவை போனபோது குழியிலும், அம்மாளின் கிணற்றிலும், கொடிக்காலுக்கு மறுபக்கம் தள்ளியிருந்த இன்னொரு கிணற்றிலும் தண்ணீர் பிடித்தேன். அதிகாரி மீட்டரை விட்டு உப்பைப் பார்த்தார். அந்தப் பக்கத்து மண்ணிலேயே கொஞ்சம் உப்பு உண்டு. அதனால் ஒரு தடவை பார்த்து எதுவும் சொல்ல முடியாது, பட்டறையில் அலசல் நடக்க நடக்க உப்பு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

மறுதடவை மீட்டர் முள் ஒரேயடியாகப் பாய்ந்தது. அம்மாள் கிணற்றில் குழியைவிட உப்பு அதிகம். அதிகாரி மீட்டரைத் துடைத்து மறுபடி விட்டார். அதே அளவுதான் காட்டியது.

அம்மாள் தயங்காமல் சொன்னார். "நாந்தான் சார் போட்டேன். கோயில்ல உப்பும் மொளகும் கொட்டி வேண்டிக்கிருவோம்ல, உப்பு கரையிற மாதிரி வெனை கரையணும்னு. வெனை கெணத்துலதான இருக்கு? அதான் வெள்ளிக்கிழம கெணத்துலயே கொட்டிட்டேன்."

"எம்புட்டு?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒரு மூட்ட."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். "கேட்டுக்கங்க சார். ஊறுகா போடுற கெணத்துக்கு எம்மேல கேசு."

"சிரிங்கண்ணே. ஒங்க வீட்டுக்கு வெத்தலைய இந்தக் கொடிக்கால்லதான பறிச்சுட்டுப் போனீக? இப்ப ஒரு கவுளி, நூறு வெத்தல, பறிச்சுப் பாருங்க."

அதிகாரி மீட்டரைப் பெட்டிக்குள் வைத்தார். "உப்பை வச்சு இனி ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"அப்ப எங்கொடிக்காலு?"

அவர் என் பக்கம் திரும்பி, பாட்டில்களை நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். அம்மாள் என் அருகே வந்து, "நாங் கெடுத்துட்டனா தம்பி?" என்று கேட்டார். மெழுகை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஜீப்பில் திரும்பும்போதுதான் அதிகாரி விளக்கினார். தண்ணீரிலேயே லேசானதும் கனமானதும் கலந்திருக்கிறது. வெயிலில் திறந்து கிடந்தால் லேசானது முதலில் ஆவியாகும், கனமானதன் பங்கு கூடும். குழித் தண்ணீர் பூமிக்குள் இறங்கினாலும் அந்த அடையாளம் கூடவே போகும். மேலே உப்பைக் கொட்டினாலும், மிளகைக் கொட்டினாலும் அது மாறாது. மெழுகு வைப்பது எதற்கென்று எனக்கு அன்றுதான் புரிந்தது. பாட்டிலுக்குள் இருப்பது ஆவியானால் அதற்கும் அந்த அடையாளம் வந்துவிடும்.

முதல் தடவை பிடித்து மெழுகு வைத்திருந்தவையும் சேர்த்து, பாட்டில்கள் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. முடிவு வர மழைக்காலம் கழிந்துவிட்டது. குழியில் இருந்த அடையாளம் அம்மாளின் கிணற்றில் இருந்தது, உப்புப் போடுவதற்கு முன்பும் பின்பும். தள்ளியிருந்த கிணற்றில் இல்லை. குழிக்கு அடியிலும் பக்கத்திலும் சிமெண்டு பூசச் சொல்லி உத்தரவு போனது. பட்டறைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பூசினார். பட்டறை நிற்கவில்லை.

முடிவைச் சொல்ல நாங்கள் போனபோது அம்மாள் அதிகாரியைக் கும்பிட்டார். "அப்ப தண்ணி எப்ப நல்லாகும் சார்?"

"புதுசா எறங்காது. எறங்குனது போறதுக்கு இன்னும் நாலு வருச மழை பெய்யணும். நாலா, பத்தான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அம்மாள் கொடிக்கால் பக்கம் திரும்பினார். "வெத்தல அம்புட்டு நாளு தாங்காது" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி.

அடுத்த கோடையில் வேறு கிணறுகளுக்குப் போகும் வழியில் அந்த இடத்தைப் பார்த்தேன். கொடிகளை அறுத்துவிட்டிருந்தார்கள். அந்த நிலத்தில் தென்னம்பிள்ளைகள் வரிசையாக நின்றன. தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். அம்மாள் குடத்தைச் சாய்த்து ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார். ஜீப் நிற்கவில்லை.