நிமிர்ந்து நிற்க ஒரு வேன்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் குனோங் ராபாட்டிலிருந்து, ஈப்போவில் எங்கள் வீட்டிலிருந்து, கிளம்பினோம். காரை நான் ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் என் கணவர் சேகர். பின்னால் அவருடைய ஊன்றுகோல்கள், ஒரு டார்ச், அளவு டேப், ஸ்குரூ டிரைவர்.

லாரி விபத்தில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போனபிறகு, நாங்கள் வெளியூரில் தங்கப் போனது ஒரே ஒரு முறைதான். அந்த விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்தார், அன்றே திரும்பிவிட்டோம். பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கையும் அடுப்பும் நாங்களே பொருத்தி, அதிலேயே தங்கி ஊர் சுற்றுவது என்று நான்தான் முடிவெடுத்தேன். அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

பார்க்கப் போன முதல் வண்டி பாகான் டத்தோவில், ஈப்போவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். தெலுக் இந்தான் தாண்டியதும் சாலையின் இருபுறமும் தென்னையும் செம்பனையும்தான். வேன் வெள்ளை வெளேரென்று பளபளத்தது. விலை பதினெட்டாயிரம் ரிங்கிட். விற்பவர் முனியாண்டி, செம்பனைத் தோட்டக்காரர். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"இதையே எடுத்துக்கலாம் கோமதி. மறுபடி மறுபடி அலைய வேணாம் லா" என்றார் சேகர்.

நான் தரையில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். அடித்தகட்டில் கறுப்புப் பெயிண்ட் புதிதாக இருந்தது. ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன். முனை உள்ளே போய்விட்டது.

"கடலோர வண்டிக்குத் துரு இருக்கத்தான் செய்யும். பியாசா லா அக்கா, எங்கயும் உள்ளதுதான்" என்றார் முனியாண்டி.

"கட்டில், தண்ணி டேங்கு எல்லாம் இந்தத் தகடு மேலதான் நிக்கணும் அண்ணே. தாங்காது."

வண்டியை வாங்காமல் திரும்பினோம். தெலுக் இந்தான் வந்ததும் சேகர், "எனக்காக நீ ஏன் இப்படி மண்ணுல உருளணும்? விட்டுருவோம்" என்றார்.

"எனக்கும் ஊர் பாக்கணும். நாளைக்குப் பாகான் செராய் போறோம்."

ஞாயிறு காலை வடக்கே நெடுஞ்சாலையில் போனோம். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் இருந்த தோட்டங்களில் இப்போது செம்பனையும் வீடமைப்புகளும். பாகான் செராய் நெருங்க நெருங்க வயல் விரிந்துகொண்டே போனது.

அங்கே லெட்சுமி அக்கா, விருந்துகளுக்குச் சமைத்து அனுப்புகிறவர், அண்டாக்கள் ஏற்றிய உயரக் கூரை வேனை விற்கவிருந்தார். இருபத்தாறாயிரம். கதவில் நசுங்கல், பெயிண்ட் மங்கல். ஆனால் அடித்தகட்டைத் தட்டினால் கெட்டியான சத்தம். மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தேன், புகை கக்கவில்லை. உள்ளே காலை நீட்டிப் படுத்தேன், இடம் மிஞ்சியது. குறை ஒன்றுதான்: தரை உயரம்.

சேகர் ஊன்றுகோலை அழுத்தி ஏறப் பார்த்தார். முடியவில்லை. இரண்டாம் தடவை ஊன்றுகோல் சறுக்கியது. நான் தோளைப் பிடித்தேன். இந்த வண்டி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கையை எடு கோமதி."

திரும்பி, கதவோரத்தில் உட்கார்ந்தார். இரு கைகளையும் ஊன்றிப் பின்னோக்கி நகர்ந்தார். அண்டா சரியாமலிருக்கப் பக்கச் சுவரில் அடித்திருந்த கம்பியைப் பற்றி, ஒற்றைக் காலில் எழுந்தார். தலைக்கு மேலே ஒரு கை அளவு மிச்சமிருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. கொஞ்ச நேரம் அப்படியே ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு படி வெல்ட் பண்ணிக்கலாம் தம்பி" என்றார் லெட்சுமி அக்கா.

"பண்ணிக்கலாம்க்கா. படுக்கை பின்னால. அடுப்பு இங்க, கம்பி பக்கத்துல. நான் நின்னு சமைக்கணும்" என்றார் சேகர்.

"அப்ப யாரு ஓட்டுறது?"

"அவதான். எனக்கு வேலை இருக்குல்ல."

லெட்சுமி அக்கா சிரித்தார். நான் அளவு டேப்பை எடுக்கிற சாக்கில் கார் பக்கம் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முன்பணம் கொடுத்தோம். பெயர் மாற்றம் வார நாளில்தான் என்பதால் வேனை அங்கேயே விட்டுக் கிளம்பினோம். வீட்டில் நாங்கள் மாற்றியதெல்லாம், குளியலறைக் கைப்பிடி, மாடியிலிருந்து கூடத்துக்கு இறக்கிய கட்டில், எல்லாமே அவர் விழாமலிருப்பதற்காக. இந்த வேனில் மாற்றப்போவதெல்லாம் நாங்கள் புறப்பட்டுப் போவதற்காக.