வேற்றுமொழிக்கு அடியில் இருந்த அப்பாவின் குரல்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் அரவேணு அன்பர்களுக்கும் அவருடைய மூத்த மகள் வணங்கி எழுதுவது. நினைவு மலர் என்றால் நல்லதை மட்டும் எழுது அக்கா என்று தம்பி சொன்னான். எழுத நல்லது நிறையவே இருக்கிறது. ஆனால் அப்பா மீது இந்த ஊரில் ஒரு குறை பல காலம் இருந்தது. அந்தக் குறையை நானும் நம்பினேன். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் எனக்கு மனசு ஆறாது.

அப்பா இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தார். அவருடைய தாயும் தகப்பனும் கொழுந்து பறித்தவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இரு நாட்டு ஒப்பந்தப்படி குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அவருக்கு மீசை அரும்பும் வயது. வந்த சாமான்களில் அவர் மடியில் வைத்துக் காத்தது ஒரு சின்ன டிரான்சிஸ்டர். குன்னூர்ப் பக்கத்து மலைக்கு வந்து, அரவேணுவில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இயந்திர வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவை மணந்தார். நானும் தம்பியும் பிறந்தோம். குடிப்பழக்கம் இல்லை, வம்புப் பேச்சு இல்லை. ஒரே ஒரு பித்து மட்டும் இருந்தது.

கடலுக்கு அப்பால் ஒரு நாடு, தன் மக்களின் பொதுப்பணத்தில் உலகத்துக்கெல்லாம் வானொலி நடத்தியது. சிற்றலையில் வரும். அதைக் கேட்பவர்கள், எப்படிக் கேட்கிறது என்று கடிதம் எழுதுவது வழக்கம். நாள், நேரம், ஒலி தெளிவா, வேறு நிலையம் குறுக்கே வந்ததா, அன்று மழையா பனியா என்று எல்லாம் எழுத வேண்டும். அப்பா தமிழில் எழுதுவதைப் பள்ளி வாத்தியார் ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுப்பார். அவர்கள் பதிலுக்கு ஒரு வண்ண அட்டையும், ஆண்டு முடிவில் ஒரு காலண்டரும் அனுப்புவார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் எப்போதும் அந்த நாட்டுப் பாலமோ கோபுரமோ தொங்கும்.

“ஊட்டுக் கூரை ஒழுகுதான்னு பாக்க நேரமில்லை. அவங்க ரேடியோ கேக்குதான்னு மட்டும் பக்கம் பக்கமா எழுதறாரு” என்று அம்மா கேலி செய்வார்.

அப்பா சிரிக்காமல் பதில் சொல்வார். “அந்த நாட்டுச் சனங்க வரி கட்டி நடத்துறாங்க. நம்மகிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டுச்சா கேக்கலையான்னு சொல்றதுதான் நாம செய்யிற மரியாத. வெளங்குதா?”

பிறகு அந்த நிலையமே தொலைக்காட்சி தொடங்கியது. முதலில் சில மணி நேரம், பின்பு நாள் முழுவதும். ஒரு மணி நேரம் அவர்களுடைய மொழி, அடுத்த மணி நேரம் ஆங்கிலம் என்று மாறி மாறி வரும். கடிதத்தில் விவரம் தெரிந்ததும் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குன்னூரில் ஒரு கேபிள்காரர் கழித்துப்போட்ட பெரிய வலை டிஷ்ஷை ஜீப்பில் ஏற்றி வந்தார். ஆனால் டிஷ் பார்க்க வேண்டிய திசையை எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மலை மறைத்தது. அந்தத் திசையில் வானம் திறந்து கிடந்தது மேல்சரிவில் ரங்கசாமி பெரியப்பாவின் தேயிலைத் தோட்டத்தில்தான்.

ரங்கசாமி பெரியப்பா எங்களுக்கு ரத்த உறவு இல்லை. அவருடைய தகப்பனார் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலம் வாங்கியவர். அப்பா அவரை அண்ணன் என்று அழைப்பார். “ஏனுங்க தம்பி, நாலு செடியப் புடுங்கிட்டா உங்க குடை நிக்குமுங்களா?” என்று கேட்டு, அவரே மண்வெட்டி எடுத்து இடம் செய்து கொடுத்தார். டிஷ்ஷை அவர் குடை என்றே சொல்வார். அங்கே சிமெண்டு மேடை கட்டி டிஷ் நின்றது. அங்கிருந்து கீழே டீக்கடைக்கு வயர் இழுத்தார்கள். பார்க்க யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. பனிமூட்டத்தில் படம் எப்படி வந்தது, காற்றில் எப்படி ஆடியது என்று அப்பா வாராவாரம் எழுதினார்.

தேயிலை விலை விழுந்த ஆண்டுகள் அதன் பின்னாலேயே வந்தன. இதைப் படிக்கும் பலர் அதை அனுபவித்தவர்கள். பறித்த கொழுந்தை ஃபேக்டரிகள் சில நாள் வாங்கின, சில நாள் வாங்கவில்லை. கவாத்து செய்ய முடியாமல் விட்ட செடிகள் மரம்போல் வளர்ந்தன. இளைஞர்கள் திருப்பூருக்குப் போனார்கள். அப்பாவின் ஃபேக்டரியும் வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்தது. அப்போது எழுதிய ஒரு கடிதத்தின் அடியில், படம் தெளிவு என்று எழுதிவிட்டு, தேயிலையைப் பற்றி இரண்டு வரி சேர்த்தார் அப்பா. அதைப் படித்துவிட்டு அந்தத் தொலைக்காட்சிக்காரர்கள் அரவேணுவுக்கே வந்துவிட்டார்கள்.

ஒரு பெண் நிருபர், ஒரு கேமராக்காரர், சென்னையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர். ஊரே ரோட்டில் கூடியது. யார் பேசுவது என்று பேச்சு வந்தபோது ரங்கசாமி பெரியப்பாதான் முதலில் சொன்னார். “நீங்களே பேசுங்க தம்பி. அவங்களுக்குத் தெரிஞ்சது உங்களத்தானுங்களே. நம்ம பொழப்பு ஒலகத்துக்குத் தெரியட்டும்.”

மைக்கை நீட்டினார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். “ஐயா, அம்மா, வணக்கம். அரவேணுவுல உங்க ஒளிபரப்பு நல்லாத் தெரியுது. மழை நாள்ல மட்டும் புள்ளி புள்ளியா வருது. ஒலியில குறையில்ல...”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பின்னால் யாரோ, “அட, தேயிலையப் பத்திச் சொல்லச் சொன்னா டிவியப் பத்திச் சொல்றாரே!” என்று கத்தினார். கூச்சல் அதிகமாகவே, நிருபர் எல்லாரையும் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு அப்பாவை மட்டும் தோட்டத்துக்குள் அழைத்துப் போனார். மற்றதை நாங்கள் தூரத்திலிருந்துதான் பார்த்தோம். வார்த்தை எதுவும் காதில் விழவில்லை. அப்பா கையைத் தூக்கி மேல்சரிவைக் காட்டியது மட்டும் தெரிந்தது. அங்கே டிஷ் நின்றது.

ஒளிபரப்பான மாலையில் டீக்கடையில் நிற்க இடமில்லை. அது அவர்களுடைய மொழி வரும் நேரம். அப்பாவின் முகம் திரையில் வந்தது. “அந்தா” என்று ஒரு சொல் கேட்டது. உடனே அந்த மொழியில் ஓர் ஆணின் குரல் அதன்மேல் ஏறிக்கொண்டது. அப்பாவின் வாய் அசைகிறது, கை மேலே போகிறது, கேமரா அந்தக் கையைத் தொடர்ந்து போய் டிஷ்ஷைக் காட்டுகிறது. அவ்வளவுதான். அடுத்த மணி நேரத்தில் இதையே ஆங்கிலத்தில் போடுவார்கள், ஆங்கிலம் தெரிந்த வாத்தியாரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தோம். கரண்ட் போய்விட்டது. அன்றிரவு திரும்பி வரவே இல்லை.

“அப்ப கடைசி வரைக்கும் குடையப் பத்தித்தான் பேசியிருக்கறீங்க” என்றார் ரங்கசாமி பெரியப்பா.

“சொல்ல வேண்டியதச் சொன்னேன் அண்ணே.”

“என்ன சொன்னீங்க? இத்தன பேரு நிக்கறாங்க. சொல்லுங்க, கேக்கலாம்.”

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். “அத இங்க வச்சுச் சொல்ல ஏலாது அண்ணே” என்றார்.

மறுநாளே டிஷ்ஷை எடுத்துவிடும்படி சொல்லி அனுப்பினார் பெரியப்பா. அப்பா அதைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பின்னால் நிறுத்தினார். மலை மறைக்கும் இடத்தில் படம் எங்கே வரும்? அண்ணன் தம்பியாகப் பழகிய இருவரும் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளியில் என்னை டிவிக்காரர் மகள் என்று கேலி செய்தார்கள். ஒருநாள் அப்பாவிடம், “நீங்க நெஜமா என்னதான் பேசினீங்க?” என்று சத்தம் போட்டேன். “நல்லதுதான் பேசினேன் மகளே” என்றார். நான் நம்பவில்லை. அவர் மரியாதை பார்த்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டார் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலம் போனது. அந்தத் தொலைக்காட்சியும் மாறிக்கொண்டே இருந்தது. பழைய முறை ஒளிபரப்பை நிறுத்தி, புதுப் பெட்டி இருந்தால்தான் தெரியும் என்றார்கள். மொழிக்கு ஒரு சேனலாகப் பிரிந்தது. அவர்கள் நாடாளுமன்றத்தில் பணத்தைக் குறைத்தார்கள் என்று சில சேனல்களை மூடினார்கள். காலண்டர் வருவது நின்றது. கடைசியில் எல்லாம் செல்பேசிக்குள் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற அப்பா, தம்பியின் செல்பேசியில் அதைப் பார்த்துவிட்டு அப்போதும் கடிதம் எழுதினார். “போன்ல எல்லாருக்கும் ஒரே மாதிரிதானேப்பா தெரியும்?” என்று தம்பி கேட்டால், “இருந்தாலும் சொல்லணும்” என்பார்.

கடைசி இரண்டு ஆண்டுகள் மூச்சுத் திணறல் அவரை வாட்டியது. கோயம்புத்தூரில் காட்டினோம். ஒருநாள் விடியற்காலையில், அம்மா கொடுத்த வெந்நீரை வாங்கிக் குடித்துவிட்டு அமைதியாகக் கண்மூடினார். ரங்கசாமி பெரியப்பா துக்கத்துக்கு வந்தார். வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

காரியம் முடிந்தபின், அப்பா மறைந்த செய்தியை அந்த நிலையத்துக்கு நான் எழுதினேன். அவர் சார்பில் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? அந்தப் பழைய படத்தைப் பற்றியும் கேட்டேன். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. அவர்கள் பல மொழிகளில் ஒளிபரப்புவதால், ஒவ்வொரு மொழிக்காரரும் தங்கள் குரலைச் சேர்த்துக்கொள்ள வசதியாக, மேல்குரல் சேராத பிரதி ஒன்றைத் தனியே வைத்திருப்பார்களாம். பொதுப்பணத்தில் எடுத்தது என்பதால் எறிவதில்லையாம். அந்தப் பிரதியை அனுப்பியிருந்தார்கள்.

ஒளிபரப்பு நன்றாகத் தெரிகிறது என்று அப்பா சொன்ன பகுதி அதில் இல்லை. அதை அவர்கள் வெட்டிவிட்டார்கள். வைத்துக்கொண்டது இதைத்தான்:

“அந்தா, மேல தெரியுது பாருங்க, அது ஒரு அண்ணனோட தோட்டம். பேரு போட வேணாம். அவருக்கு ஊருல மரியாத இருக்கு. முந்தாநேத்து அவரு பறிச்ச கொழுந்த ஃபேக்டரி வாங்கல. ஆரும் பாத்துறக் கூடாதுன்னு, இருட்டுற நேரத்துல கீழ் வழியா மூட்டையத் தூக்கிட்டு ஒத்தையா வந்தாரு. வழியில ஒக்காந்து அழுதாரு. வேல முடிஞ்சு வந்த நான் பாத்துட்டு, அவருக்குத் தெரியாம மறைஞ்சு நின்னேன். நாங்க ஒரு தோட்டத்த விட்டுட்டுக் கப்பலேறி வந்தவங்க. அந்த வலி எங்களுக்குத் தெரியும். அவர அப்புடிக் கெளம்ப விட்டுறாதீங்க.”

ஊர் நடுவே நின்று கேட்டபோது அப்பா ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தன் மீதுள்ள பழியைத் துடைக்க வேண்டுமானால் பெரியப்பாவின் அழுகையை அவர் டீக்கடையில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவை நம்பாமல் போனேனே என்று நான் அழுத அழுகை இன்னும் நிற்கவில்லை.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மேல்சரிவுக்குப் போனேன். ரங்கசாமி பெரியப்பா செல்பேசியைக் காதோடு வைத்துக் கேட்டார். “இன்னொருக்கா போடு அம்மிணி” என்றார். மூன்று முறை போட்டேன்.

“கீழ் வழியா வந்தத ஆரும் பாக்கலைன்னு இத்தன வருசமா நெனச்சிருந்தனே” என்றார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். இதை மலரில் எழுதலாமா என்று தயங்கிக் கேட்டதற்கு, “எழுது. எம் பேரு போட்டே எழுது. அவரு மறைச்சது போதும்” என்றார்.

அப்பாவின் இறுதி நாட்களில் உடனிருந்து தூக்கிப் பிடித்த தம்பிக்கும் தம்பி மனைவிக்கும், உடன் வேலை செய்த ஃபேக்டரி நண்பர்களுக்கும், கோயம்புத்தூர் மருத்துவருக்கும் செவிலியருக்கும், வண்டி கொடுத்து உதவிய டீக்கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டிஷ் நின்ற சிமெண்டு மேடையை இத்தனை காலமும் உடைக்காமல் வைத்திருந்த ரங்கசாமி பெரியப்பாவுக்குத் தனியே நன்றி. ஓராண்டு நினைவு நாளில் அந்த மேடைமீதுதான் அப்பாவின் படத்தை வைத்து விளக்கேற்ற வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அனைவரும் அங்கே வந்திருந்து வணங்குமாறு வேண்டுகிறோம்.

படத்தை அனுப்பிய நிலையத்துக்கு நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அப்பா எழுதும் முறையிலேயே எழுதி அனுப்பினேன். இடம், அரவேணு. லேசான பனி. நீங்கள் அனுப்பியது வந்து சேர்ந்தது. குரல் தெளிவாகக் கேட்கிறது.