சாய்வுக்கு அளவெடுத்த துப்பாக்கி

காலை ஏழு மணிக்கு ஆக்னஸ் போன் செய்தாள். "அங்கிள், அப்பா போயிட்டாருங்க" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "துப்பாக்கிய என்னங்க பண்றது?" என்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் அவளும் சிரித்தாள். டீமேக்கர் ஞானப்பிரகாசம் இறந்த செய்தி வேறு எப்படி வந்திருந்தாலும் எனக்கு நம்பிக்கை வந்திருக்காது.

குன்னூருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலை வாடியது போதுமா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். தேயிலைத் தூள் தயாரிக்கும் ஃபாக்டரியில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் உங்களில் பலருக்கு அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது தேயிலை அல்ல, 'கோணத் துப்பாக்கி'தான். அந்தப் பட்டப் பெயரைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும். ஐம்பது வருடங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அப்போது நான் டிஸ்பென்சரியில் புதிதாகச் சேர்ந்த கம்பவுண்டர். வாயை மூடிக்கொண்டதால்தான் எனக்கு அந்த வேலை நிலைத்தது.

அந்தக் காலத்தில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு கடமான் வேட்டைக்குப் போகலாம். துரைமார்கள் விட்டுப்போன துப்பாக்கிகள் மலிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றை வாங்கினால் நம்மாளுக்குப் பிடிக்குமா? "வெள்ளைக்காரன் கை நீளம், நம்ம கை நீளம் வேறங்க" என்று சொல்லி, கோயம்புத்தூரிலிருந்து துப்பாக்கி ஆசாரி ஒருவரை வரவழைத்தார். குழாயும் விசையும் பழசு. தோளில் வைக்கும் கட்டையை மட்டும் தன் உடம்புக்கு அளவெடுத்துச் செய்யச் சொன்னார். அதற்கு நல்ல ஈட்டி மரம் வேண்டும் என்றார் ஆசாரி. அவர் மனைவி ரோசலியக்கா சீதனமாகக் கொண்டுவந்த கட்டிலில் தலைமாட்டுப் பலகை ஈட்டி மரம். அக்கா ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் பலகை கழன்றுவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் தலையணை பின்பக்கமாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

அளவெடுத்த அன்று நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஆசாரி வாசலில் நிற்கச் சொன்னார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். "மான் என்ன ஃபுட்பால் கிரவுண்டுலயா வந்து நிக்கப் போவுது? மலைக்காரனுக்கு அளவெடுக்கறதுன்னா மலைமேல வெச்சு எடுங்க" என்று தேயிலைச் சரிவுக்கு அவரைக் கூட்டிப்போனார். நிற்கவே பயமாக இருக்கும் சரிவு அது. இடது காலைக் கீழே ஒரு செடியின் தூரில் ஊன்றி, வலது முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பள்ளத்தைப் பார்த்துக் குறி வைத்தார். கோயம்புத்தூர்க்காரர் ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அளவெடுத்தார். பயத்தில் இரண்டு முறை மாதாவைக் கூப்பிட்டார். அவர் இந்து.

துப்பாக்கி வந்தது. சரிவில் உட்கார்ந்தால் தோளில் ஒட்டிக்கொள்ளும் என்றார் டீமேக்கர். சமதரையில் நின்று வைத்தால் கண்ணுக்கு முன்னால் மரக்கட்டை மட்டும்தான் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் சமதரையில்தான் வைத்துப் பார்த்தோம்.

பிறகு நடந்ததை உங்களில் பலர் கண்ணாலேயே பார்த்திருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொம்புள்ள கடமான் ஒன்று வந்து நின்றது. எங்கே என்றால், ஃபுட்பால் கிரவுண்டில். எஸ்டேட்டிலேயே பெரிய சமதரை அது ஒன்றுதான், அதன் நட்டநடுவில். ஆள் ஓடிப்போய்ச் சொன்னதும் டீமேக்கர் துப்பாக்கியோடு வந்தார். தோளில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு சரிவு தேடிக் கிரவுண்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். மானும் நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு கிடைத்து, அவர் உட்கார்ந்து கால் ஊன்றுவதற்குள் மான் மேனேஜர் பங்களாவுக்குள் நுழைந்து பீன்ஸ் கொடியைத் தின்னத் தொடங்கிவிட்டது. "துப்பாக்கி சரிங்க, தரைதான் தப்பு" என்று அன்று அவர் சொன்னதை வைத்து நாம் எத்தனை வருடம் சிரித்திருக்கிறோம்.

அடுத்த மாதம் நானும் அவரும் மட்டும் எஸ்டேட்டைத் தாண்டி உள்ள புல்மலைக்குப் போனோம். முதலுதவிப் பெட்டி இல்லாமல் வேட்டைக்குப் போகக்கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. டிஸ்பென்சரிச் சாமான் ஒன்று உடைந்தாலும் ஆளை வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்பதும் அவர் உத்தரவுதான். தகரப் பெட்டியில் டிங்சர் பாட்டில்களை அடுக்கித் தூக்கிக்கொண்டு, நான்கு காலில் தவழ்ந்து அவர் பின்னால் போனேன். முன்னால் போனவர் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினார். "சரிவுல சறுக்கறவன் ஊட்டியப் படத்துல பாத்தாப் போதும்" என்று எனக்குப் புத்திமதி வேறு.

மஞ்சு விலகியபோது கீழே சோலை ஓரத்தில் கடமான் நின்றது. பெரிய ஆண். டீமேக்கர் உட்கார்ந்தார். இடது காலைக் கீழே ஊன்றினார். துப்பாக்கி தானாகப் போய்த் தோளில் அமர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். கன்னம் கட்டையில் படிந்தது, ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. இவ்வளவு நாள் சிரித்ததற்கு எனக்கு வெட்கமாகிவிட்டது. இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

மலையில் பிறந்தவன் எவனும் சரிவில் ஒரு சாமானை வெறுமனே வைக்க மாட்டான். நான் வைத்தேன். பெட்டி முதலில் மெதுவாக நகர்ந்தது. பிறகு உருண்டது. பிறகு துள்ளித் துள்ளி, உள்ளே பாட்டில்கள் உடைய உடைய, மானை நோக்கியே போயிற்று. மான் ஒரு நொடி அதை அதிசயமாகப் பார்த்தது. அடுத்த நொடி சோலைதான் இருந்தது, மான் இல்லை.

டீமேக்கர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், மானுக்காக அல்ல, வேலைக்காக. எழுந்து வந்து என் தோளைத் தட்டி, "அடுத்த தடவ அடியில ஒரு கல்லு வெய்யிங்க கம்பவுண்டரே" என்றார். அவ்வளவுதான். எஸ்டேட்டுக்குத் திரும்பியதும், கூடி நின்றவர்கள் முன்னால் மேனேஜரிடம் அவரே பேசினார். "மானைப் பாத்தேனுங்க. துப்பாக்கி தோளுக்கு ஏறல. எந்திரிக்கறப்பச் சறுக்கிப் பொட்டி மேல விழுந்துட்டேன், பாட்டிலெல்லாம் ஒடஞ்சு போச்சுங்க."

சறுக்கவே தெரியாத மனிதர் சறுக்கினேன் என்றார். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. கோணத் துப்பாக்கி என்ற பெயர் அன்று மாலைதான் பிறந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன், பயத்தில்.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. வேட்டைக்குத் தடை வந்துவிட்டது. துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே போனதெல்லாம் தேர்தலுக்குத்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா, கம்பளியில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவது போல பஸ்ஸில் கொண்டுபோவார். "நாட்டைக் காப்பாத்தப் போறமுங்க, வாரீங்களா?" என்று என்னையும் கூப்பிடுவார். போலீஸ்காரர் யாராவது தோளில் வைத்துப் பார்த்துச் சிரிப்பார். டீமேக்கரும் கூடச் சிரிப்பார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

லைசென்ஸ்காரர் போய்விட்டதால், போன வாரம் ஆக்னஸும் நானும் அதைக் கடைசியாக ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சின்ன வயது எஸ்.ஐ. அம்மா, உள்ளே குண்டு இல்லையே என்று திறந்து பார்த்துவிட்டுத் தோளில் வைத்தார். "என்னங்கய்யா இது, கட்டைதான் தெரியுது?" என்று சிரித்தார். இந்தத் தடவை என்னால் முடியவில்லை. "ஒரு நிமிசம் வெளிய வாங்கம்மா" என்றேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஜீப் நிற்கும் இடத்துக்குக் கீழே புல்சரிவு. என்ன நினைத்தாரோ, வந்தார். உட்காரச் சொன்னேன். இடது காலைக் கீழே ஊன்றச் சொன்னேன். துப்பாக்கியை உயர்த்தியவர் அப்படியே இருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"கச்சிதமா இருக்குதுங்களே. யார் அளவுக்குச் செஞ்சது?"

"இந்த மலைக்குங்க" என்றேன்.

அங்கிருந்து நேரே ரோசலியக்காவிடம் போனேன். பெட்டி உருண்டதை முதலிலிருந்து சொன்னேன். அக்கா செபமாலையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப பலகை வீணாப் போகலையா தம்பி?"

"இல்லீங்கக்கா. அளந்த மாதிரியே இருந்துச்சு."

அக்கா எழுந்துபோய், கட்டிலுக்குப் பின்னால் விழுந்து கிடந்த தலையணையை எடுத்துத் தட்டி வைத்தார். அது மறுபடியும் விழுந்தது. "ஒவ்வொரு தடவ இது விழுகறப்பவும் அந்த மனுசனைத் திட்டியிருக்கேன். நீங்க வாயத் தெறந்திருந்தா பாதித் திட்டாச்சும் கொறைஞ்சிருக்கும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மீதிப் பாதிய இனி நீங்க வாங்கிக்கங்க" என்றார். வாங்கிக்கொண்டேன்.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இப்போது சொல்லிவிட்டேன். துப்பாக்கி சரி. தரையும் தப்பில்லை. தப்பு என்னுடையது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது புல்மலையில் சொன்ன அந்த ஒரே ஒரு வாக்கியம். அவர் கல்லறையும் நல்ல சரிவில்தான் அமைந்திருக்கிறது. நேற்று மெழுகுவர்த்தி கொண்டுபோயிருந்தேன். ஏற்றி வைப்பதற்கு முன்னால், தேடி ஒரு கல்லை எடுத்து அடியில் வைத்தேன்.