பாடத்துக்குள் ஒரு கல்

திரிபுரசுந்தரி டீச்சர் வாய்விட்டுச் சிரித்தால் பள்ளிக்கூட ஓட்டின் மேலிருக்கும் புறாக்கள் பறந்துவிடும். தருமபுரத்திலிருந்து வரிச்சிக்குடிப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்கு ஸ்கூட்டியில் வரும்போதே எதையாவது நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் வருவார். ஒரேயொரு விஷயத்தில் மட்டும் அவருக்கு அழுகை வரும். கீர்த்திகா படிப்பதைக் கேட்டால்.

ஐந்தாம் வகுப்புக் கீர்த்திகா தடதடவென்று வாசிப்பாள். ஊரே மெச்சும், ஊருக்கென்ன, சத்தம் வந்தால் சரி. காலை வணக்கத்தில் அறிவிப்பு வாசிப்பதும் அவள்தான். "என்னம்மா படிச்சே?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். பிறகு கேள்வியிலுள்ள வார்த்தையைப் பாடத்தில் தேடிப்பிடித்து, அந்த வரியை அப்படியே ஒப்பிப்பாள்.

இதற்காகவே டீச்சர் கல் விளையாட்டைக் கண்டுபிடித்தார். பாடத்தைக் கரும்பலகையில் எழுதும்போது நடுவில் ஒரு பொய்யை நுழைத்துவிடுவார்.

"சோத்துல கல்லு கடிபட்டா சும்மா முழுங்குவீங்களா? கத்துங்க!"

'அறுவடை செய்த நெல்லைக் குளத்தில் கொட்டிக் காயவைத்தார்' என்று எழுதினால் போதும், "கல்லு! கல்லு!" என்று வகுப்பே பெஞ்சு மேல் ஏறிவிடும். ஏன் கல் என்றும் சொல்ல வேண்டும். கீர்த்திகா மட்டும் கல்லையும் சேர்த்து அழகாக வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

பக்கத்து அறைத் தலைமையாசிரியர் தெட்சிணாமூர்த்திக்குக் காது வலித்தது.

"கீர்த்திகா தண்ணிபட்ட பாடா வாசிக்குது. இன்னும் என்ன டீச்சர் வேணும் உங்களுக்கு? நிறுத்துங்க இந்தக் கூத்த."

"அவளுக்கு ஒண்ணும் புரியலீங்க சார். அவ ஒரு கல்லு புடிக்கிற வரைக்கும் விடுங்க."

அவர் விடவில்லை. திங்கட்கிழமை காலை வணக்கத்தில், அவர் எழுதிக் கொடுத்த அறிவிப்பைக் கீர்த்திகா தடதடவென்று வாசித்தாள்.

"இன்று முதல் வகுப்பில் யாரும் சத்தம் போடக் கூடாது. கல் விளையாட்டு கிடையாது. அதற்குப் பதில் எல்லோரும் சேர்ந்து உரத்த குரலில் பாடம் வாசிக்க வேண்டும்."

போச்சு, எல்லாம் போச்சு என்று டீச்சர் வகுப்பறைப் பக்கம் திரும்பினார்.

கீர்த்திகா மைக்கை விட்டு நகரவில்லை. சொன்னபடி அவளும்தானே செய்தாக வேண்டும்? தாளைப் பார்த்தாள். மறுபடி முதல் வரிக்குப் போனாள். உதடு மெல்ல அசைந்தது.

"கல்லு!"

கீர்த்திகா தாளின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடக் கூடாதுன்னு மேல இருக்கு. எல்லாரும் சத்தமா வாசிக்கணும்னு கீழ இருக்கு. எதங்க சார் செய்யிறது?"

டீச்சர் செருப்பை உதறிவிட்டு ஓடினார். மேடையேறி அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். புடவைத் தலைப்பு மைக்கில் மாட்டிக்கொண்டது. புறா ஒன்று பாக்கியில்லாமல் பறந்தது.

"சார் இன்னும் பதில் சொல்லல டீச்சர்!" என்று காற்றில் சுற்றிக்கொண்டே கத்தினாள் கீர்த்திகா.

தெட்சிணாமூர்த்தி அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மீசைக்குள் சிரிப்பு நிற்கவில்லை.

"எதையும் செய்ய வேணாம்மா. போயி கத்துங்க."