மணல்மேட்டு வழியாக மருத்துவமனைக்கு

மகளின் முதல் பிரசவத்துக்குத் துணையாகப் போனது நான்தான். அவள் அம்மா இருந்திருந்தால் நான் சிங்கப்பூரில் எங்கள் ஆங் மோ கியோ வீட்டிலேயே தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. மகளும் மருமகனும் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், ஒரு பெரிய ஆற்றின் கரையில் இருக்கும் சிற்றூரில் வேலை பார்த்தார்கள். ஊரில் இருந்த ஒரே மருந்துக்கடையில் மகள் மருந்தாளர், பள்ளியில் மருமகன் ஆசிரியர்.

"நீங்க வந்து என்ன செய்யப் போறீங்கப்பா? ரசம் வைப்பீங்க, அவ்வளவுதானே?" என்றாள் மகள்.

"ரசம் போதும்லா. நான் வரேன்."

எங்கள் மாதா கோவிலில் தமிழ்ப் பூசைக்கு வரும் பெண்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். தேக்கா சந்தைக்குப் போய்ப் பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, மஞ்சள் என்று பை நிறைய வாங்கினேன். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்து, பூண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். லேகியத்தை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

அந்த வட்டாரத்தை அவர்கள் ஷையர் என்கிறார்கள், நம்முடைய ஊராட்சி போல. பரப்பில் சிங்கப்பூரைப் போலப் பல மடங்கு. ஆட்களோ எங்கள் அடுக்குமாடிப் புளோக்கையும் பக்கத்துப் புளோக்குகளையும் சேர்த்தால் வரும் அளவுதான். சாலை, நூலகம், நீச்சல் குளம், கல்லறைத் தோட்டம் எல்லாமே ஷையரின் பொறுப்பு. அதன் தலைவர் கோதுமை விவசாயி. நான் முதலில் பார்த்தபோது அவர் மண்வெட்டியோடு நின்று சாக்கில் மணல் நிரப்பிக்கொண்டிருந்தார். வெள்ளம் வரப்போகிறது என்றார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. நம் ஊரில் மழை கொட்டும், கால்வாய் நிரம்பும், ஒரு மணி நேரத்தில் வடிந்தும் விடும். அங்கே அப்படியில்லை. எங்கோ தொலைவில் மலையில் பெய்த மழை, சமவெளியில் மெல்ல ஊர்ந்து பல வாரம் கழித்துத்தான் வந்து சேருகிறது. பளீரென்ற வெயிலில், யூகலிப்டஸ் மரங்களின் அடியில் தண்ணீர் சத்தமே இல்லாமல் ஏறியது. ஊரைச் சுற்றி உயரமான மண்கரை இருந்ததால் உள்ளே இருந்தவர்களுக்குப் பெரிய பயமில்லை. நானும் அவர்களோடு போய்ச் சாக்குப் பிடித்தேன்.

பிரசவம் பார்க்கும் மருத்துவமனை பக்கத்து நகரத்தில், காரில் ஒன்றரை மணி நேரம். தண்ணீர் உச்சத்துக்கு வரும் முன்பே மகளை அங்கே கொண்டுபோய்விடுவதாக ஏற்பாடு. மருமகன் முந்தின நாளே போய் அறை எடுத்துவிட்டார். காலையில் அவர் திரும்பி வந்து எங்களை அழைத்துப் போக வேண்டும். ஆனால் ஆறு எல்லோருடைய கணக்கையும் மீறி விடியற்காலையிலேயே நெடுஞ்சாலையில் ஏறிவிட்டது. சாலையை மூடினார்கள். அதே காலையில் மகளுக்கு வலியும் கண்டது.

ஊரிலேயே இருந்த ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் யார் யாரிடமோ பேசினார். ஹெலிகாப்டர் வேறு பக்கம் வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தூக்கப் போயிருந்தது. கடைசியில் ஷையர் அலுவலகத்திலிருந்து ஒரு பதில் வந்தது. ஓர் ஆட்டுப் பண்ணைக்குள் நீளமாக மணல்மேடு ஒன்று போகிறது, அதன் மேல் பழைய வண்டித்தடம் உண்டு, முன்னால் கிரேடர் போனால் ஆம்புலன்ஸ் பின்னாலேயே போகலாம் என்றார்கள். கிரேடர் என்பது மண்சாலையைச் சுரண்டிச் சமப்படுத்தும் நீளமான மஞ்சள் வண்டி.

அதை ஓட்டி வந்தது ஒரு பெண். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டிய நரைமுடி. இறங்கி வந்து ஆம்புலன்ஸின் பின்கதவு வழியே மகளைப் பார்த்தார்.

"நான் முன்னால போறேன், கண்ணு. நீ மூச்சை மட்டும் பார்த்துக்கோ," என்றார். நான் தமிழில் எழுதுகிறேன், அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். பிறகு ஓட்டுநரிடம், "என் சக்கரத் தடத்தை விட்டு விலகாதே," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

நான் ஆம்புலன்ஸின் முன்னிருக்கையில் இருந்தேன், பின்னால் மகளோடு மருத்துவ உதவியாளர். சிங்கப்பூரில் வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவன் நான். இன்னொருவர் ஓட்டுவதைப் பார்த்தால் கால் தானாக பிரேக்கைத் தேடும். அன்று தேடவில்லை. அவர் முன்னால் புதரைத் தள்ளினார், விழுந்து கிடந்த மரக்கிளைகளை ஒதுக்கினார், மேடுபள்ளத்தை இழைத்துக்கொண்டே போனார். வேலிக் கதவு வந்த இடத்திலெல்லாம் நான் குதித்து ஓடித் திறந்தேன். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை பழுப்புத் தண்ணீர். ஆடுகள் மேட்டில் ஒண்டி நின்று எங்களைப் பார்த்தன.

ஓரிடத்தில் மேடு தாழ்ந்து, குறுக்கே தண்ணீர் ஓடியது. கிரேடர் இறங்கி ஏறிவிட்டது. எங்கள் வண்டி நடுவில் புதைந்தது.

"அப்பா, வந்துட்டோமா?" என்று பின்னாலிருந்து மகள் கத்தினாள்.

"இதோ, இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா." எந்தப் பயணியிடமும் நான் அவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை.

அந்தப் பெண் சங்கிலியோடு இறங்கி வந்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். வண்டிக்கு அடியில் கொக்கியை மாட்ட, முகம் வரை சேற்றுத் தண்ணீரில் சாய்ந்து படுத்தார். எழுந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். கிரேடர் உறுமியது. எங்கள் வண்டி ஒரு குலுக்கலோடு மேலே வந்தது. தார்ச்சாலை தெரிந்ததும் அவர் ஓரமாக ஒதுங்கி, ஜன்னல் வழியே கையை நீட்டி எங்களைப் போகச் சொன்னார். நான் கைகூப்பினேன். பார்த்தாரோ இல்லையோ.

அன்று மதியம் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம். மருமகன் மருத்துவமனை வாசலில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

தண்ணீர் வடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, நன்றி சொல்ல அந்தப் பெண்ணைத் தேடினேன். மருந்துக்கடையில் மகளோடு வேலை பார்ப்பவள்தான் சொன்னாள். அவர் வீடு மண்கரைக்கு வெளியே இருக்கிறது. அன்று காலை வீட்டுச் சாமான்களை ஏற்றி வர லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அந்த நேரத்தில்தான் அலுவலகத்திலிருந்து அழைப்பு. லாரியை அப்படியே விட்டுவிட்டுக் கிரேடரில் ஏறியிருக்கிறார். எங்களை விட்டுத் திரும்பும்போது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போனேன். கூடம் முழுக்கச் சேறு. மூலையில் அவர் அம்மாவின் பியானோ ஊதிப்போய், கட்டைகள் பல்லைக் காட்டியபடி நின்றது.

"நீங்க முதல்ல வீட்டுக்குப் போயிருக்கலாம்," என்றேன்.

"போயிருக்கலாம். போயும் என்ன? தனி ஆளா அந்தப் பியானோவை அசைக்கவே முடியாது," என்றார். கொஞ்ச நேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு, "குழந்தை எத்தனை கிலோ?" என்று கேட்டார்.

நான் அந்தச் சேற்றிலேயே நின்று அழுதுவிட்டேன். மனைவி போனபோதுகூட ஆட்கள் முன்னால் நான் அப்படி அழுததில்லை. அவர் பார்க்காதது போலத் தண்ணீர்க் குழாயைத் திறந்து சுவரைக் கழுவ ஆரம்பித்தார். அங்கே இருந்த வரை, மகளுக்கு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு தினமும் அவர் வீட்டுக்குப் போனேன். மருமகனும் பள்ளி முடிந்து வந்துவிடுவார். ஷையர் தலைவர் ஒரு நாள் மண்வெட்டியோடு வந்தார். நாங்கள் மூவரும் அந்தப் பெண்ணும் சேர்ந்து பியானோவை வெளியே தூக்கினோம்.

போன வருடம் அந்தப் பெண் இங்கிலாந்தில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் வழியில் சிங்கப்பூரில் என் வீட்டில் தங்கினார். தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். கையால் சாப்பிட்டார், ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வந்தார். முடிந்ததும் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஓர் அம்மா தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி, பூ நிற்காத அந்தக் குட்டை முடியில் எப்படியோ ஊசி குத்தி நிறுத்திவிட்டார்.

"இவ்வளவு பேருக்கும் என்னை எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டார்.

"நான்தான் சொன்னேன். பார்த்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "அது என் வேலைதானே," என்றார்.

"வேலைதான். ஆனா உங்க வீட்டை விட்டுட்டு வந்தீங்களே," என்றேன். இவ்வளவு காலம் கழித்துத்தான் அதை முகத்துக்கு நேராகச் சொல்ல முடிந்தது. அவர் தலையை ஆட்டினார், மல்லிகை நழுவிக் காதருகே தொங்கியது. சரிசெய்து விட்டேன். வீட்டை இப்போது தூண்கள் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறாராம். ஆறு வற்றிக் கிடக்கும் மாதமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார், கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கலாமாம். பேத்தி அவரைப் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். தமிழில்தான்.