நனைந்த பட்டைக்குக் கூலி இல்லை

சபையாரே, ஒரு ஐப்பசி மாதத்தில் நான் ஆண்டவரைத் திட்டினேன். மனதுக்குள் அல்ல, வாய்விட்டே திட்டினேன். அப்படித் திட்டினவனை அவர் என்ன செய்தார் என்று சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என் பெயர் சாமுவேல். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப் முதலாளியின் லாரியை ஓட்டுகிறேன். ஜவ்வாது மலைமேல் போய், தோல் பதப்படுத்துகிற கொன்னைப் பட்டையும் கடுக்காயும் ஏற்றி வருவது என் வேலை. தரையில் ஓட்டுகிறவர்களுக்கு மாதச் சம்பளம். மலைக்குப் போகிற எங்களுக்கு நடைக் கூலி. ஒரு நடைக்குக் கிடைப்பது ஜாஸ்திதான், ஊரில் பொறாமைப்படாதவர் கிடையாது. ஆனால் மலையேறாத நாளில் சல்லிக்காசு கிடையாது. இன்னொன்றும் உண்டு. பட்டை நனைந்து வந்தால் அந்த நடைக்குக் கூலியே இல்லை. நனைந்தால் சாரம் இறங்கிப்போய்விடும், தோலுக்கு ஆகாது என்பார் முதலாளி. மழை என்ன நான் பெற்ற பிள்ளையா, சொன்னால் கேட்க?

பிள்ளை என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி எஸ்தருக்கு முதல் இரண்டு பிரசவமும் வீட்டில்தான். இரண்டு பிள்ளைகளும் அழாமலே பிறந்தன. துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். மூன்றாவது முறை எட்டாம் மாதம் முடிகிற சமயத்தில் டாக்டரம்மா ஒருவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். “பிள்ளை குறுக்கே கெடக்குதுப்பா. வலி வர்றதுக்கு முன்னாடியே வேலூர் ஆஸ்பத்திரியில கொண்டாந்து சேர்த்துடு. வீட்ல வச்சுக்கிட்டா தாயும் மிஞ்சாது, பிள்ளையும் மிஞ்சாது” என்றார்.

சேர்த்துவிடு என்று சொல்லிவிடலாம். ரயிலுக்குக் காசு வேண்டும், அங்கே தங்க வேண்டும், கூட இருக்கிறவர்கள் சாப்பிட வேண்டும். அந்த ஐப்பசியோ கொட்டித் தீர்த்தது. மலைப் பாதை அறுத்துக்கொண்டது. எனக்கு நடை இல்லை. பட்டை வராததால் தோல் ஷாப்பில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் தெருவில் எல்லார் வீட்டு அடுப்பிலும் பூனைதான் படுத்திருந்தது.

பிறகு வானம் கொஞ்சம் வெளுத்தது. முதலாளி கூப்பிட்டு, பாதையைச் சரிசெய்துவிட்டார்கள், ஒரு நடை போய் வா என்றார். அந்தக் கூலி கைக்கு வந்தால் மறுநாளே எஸ்தரை ரயிலேற்றிவிடலாம். விடிகாலையில் லாரிப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, இந்த ஒரு நடை முடிகிற வரைக்கும் மழை வேண்டாம். வேறே எதுவும் கேட்கவில்லை.” இவ்வளவுதான் என் ஜெபம்.

என்னோடு க்ளீனராக வருகிறவர் காதர் பாய். என்னைவிட மூத்தவர். மலை இறங்கும்போது சக்கரத்துக்கு அடை போடுகிற கட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஃபுட்போர்டிலேயே உட்கார்ந்து வருவார். வண்டி பின்வாங்கினாலும் முன்னே பாய்ந்தாலும் குதித்துக் கட்டையைப் போடுவது அவர் வேலை. மேலே போய் லோடு ஏற்றினோம். படுதாவைக் கட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது? படுதாவைக் காற்று பறித்துக்கொண்டு போனது. கண்ணெதிரே பட்டை எல்லாம் சொதசொதவென்று நனைந்தது.

அப்போதுதான் திட்டினேன். “உனக்குக் காது இல்லையா? ரெண்டு பிள்ளையைப் புதைச்சது போதாதா? மூணாவதையும் தாயோட சேர்த்து எடுத்துக்கப் போறியா?” என்று வானத்தைப் பார்த்துக் கத்தினேன். காதர் பாய் என் தோளைப் பிடித்து, “உடு சாமுவேலு, பேஜார் பண்ணிக்காதே. வண்டிய எடு” என்றார். அதற்குமேல் நான் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கீழே சந்தைக்குப் போகிற மலைக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக, லோடின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அது அங்கே எப்போதும் உள்ள வழக்கம்தான். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரைக்கும் போய்விட்டது. கம்பி அறுந்துவிட்டது. கியரைக் குறைக்கப் பார்த்தேன், விழவில்லை. கைப்பிரேக்கை இழுத்தேன், கருகின வாசனை வந்ததே தவிர வேகம் அடங்கவில்லை. காதர் பாய் குதித்துக் கட்டையைப் போட்டார். கட்டை இரண்டாகப் பிளந்து தெறித்தது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. மேலே இருந்தவர்கள் அலறினார்கள். எனக்கு எஸ்தரின் முகம் மட்டும்தான் தெரிந்தது. “இயேசப்பா” என்று மட்டும் வந்தது வாயில். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

வளைவில் மலையோரமாகச் செம்மண் சரிந்து குவிந்திருந்தது. ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்தேன். முன் சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் புதைந்து வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஓடி வந்த காதர் பாய் அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

“காத்தால ஏறி வர்றப்போ இந்த மண்ணு இங்க இல்லப்பா. இப்போ பெஞ்ச மழையில சரிஞ்சு வந்திருக்குது” என்றார்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அப்போதும் எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. நான் பிழைத்தேன், எஸ்தர் பிழைக்க வழி இல்லையே என்றுதான் அழுதேன்.

மறுநாள் மாடுகளைப் பூட்டி இழுத்து வண்டியை வெளியே எடுத்தோம். கைப்பிரேக்கைச் சரிசெய்து, முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து ஆம்பூர் வந்து சேர்ந்தோம். முதலாளி பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். கூலி என்று நான் வாயெடுத்ததும், “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் மனம் இளகவில்லை. “லோடை இறக்கிட்டு வண்டிய இப்பவே வேலூர் பட்டறைக்கு எடுத்துட்டுப் போ. பிரேக்கை சரி பண்ணாம மலைக்குப் போகாதே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெறுங்கையோடு எஸ்தர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்துக்கொண்டே, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வண்டியைத் தெருமுனையில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டு சவுந்தரம் அக்கா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

“எங்கடா போய்ட்டே பாவி? காத்தாலேர்ந்து வலி. ரயிலும் போய்ட்டுது. வண்டி மாடு ஒண்ணும் ஆப்டல. அவ கண்ணு சொருகுதுடா!”

இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அக்காதான் என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

“இது இன்னாடா? காலி லாரி எங்க போவுது?”

“வேலூருக்கு” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

வைக்கோலைப் பரப்பினோம், அதன்மேல் பாயைப் போட்டோம். எஸ்தரைத் தூக்கிப் படுக்க வைத்து, அக்கா மடியில் தலையைத் தாங்கிக்கொண்டாள். சபைப் பெண்கள், கோயிலுக்கென்று தினம் ஒரு பிடியாகச் சேர்த்து வந்த பிடியரிசிப் பானையைக் கவிழ்த்து, இருந்ததை மூட்டை கட்டி லாரியில் போட்டார்கள். வழியெல்லாம் பின்னாலிருந்து எஸ்தர் முனகுகிற சத்தம். அந்தச் சத்தம் நின்றபோதெல்லாம் என் உயிரும் நின்றது. “சத்தம் வருதா பாய்?” என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன். “வருது, வருது, முன்னாடி பாரு” என்றார் அவர். அவர் பொய் சொன்னாரா, மெய் சொன்னாரா, இன்றுவரை நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு ஓடினார். கதவு மூடிக்கொண்டது. வராந்தாவில் நான் முழங்காலில் நின்றேன். காதர் பாய் அவருடைய வழக்கப்படி கையேந்தி உட்கார்ந்தார். இந்த முறை நான் ஆண்டவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. உமக்குத் தெரியும் அப்பா என்று மட்டும் சொன்னேன்.

மழை பெய்யாமல் இருந்திருந்தால் எனக்குக் கூலி கிடைத்திருக்கலாம். ஆனால் அந்த வளைவில் மண் இருந்திருக்காது. பிரேக் அறுந்திராவிட்டால் எங்கள் தெருமுனையில் லாரி நின்றிருக்காது. ரயிலுக்குக் காசு வைத்துக்கொண்டு, ரயில் இல்லாமல் அழுதுகொண்டிருப்பேன். இதைக் கண்ட பிறகு, அதுவரை எனக்கிருந்த குடியை விட்டேன், ஆண்டவரிடம் கட்டளை போடுவதையும் விட்டேன். கோபம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதற்கும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கேட்டது கிடைக்கவில்லை என்று யாராவது அவரோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். திரும்பிப் பேசுங்கள். திட்டியாவது பேசுங்கள். என்னைப்போலத் திட்டினவன் யாரும் இருக்க மாட்டான். அந்த என்னைத்தான் விளக்கேற்றுகிற நேரத்துக்கு ஒரு நர்ஸம்மா, எஸ்தர் பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டார். கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அங்கேயே நின்றேன். அப்போது உள்ளேயிருந்து என் மகள் அழுதாள்.