தண்டு குட்டையான மூக்குத்தி

நாற்பது வயதில் மூக்குக் குத்திக்கொண்டேன். துருத்திக்கொண்டு நிற்கக் கூடாதென்று, தண்டு குட்டையான மூக்குத்தியாகப் பார்த்து வாங்கினேன். குத்திய இடம் வீங்கியது. தண்டில் இடமில்லாததால் கல் மெல்ல மெல்லத் தோலுக்குள் இறங்கியது. நோவைப் பொறுத்துக்கொண்டு கிண்ணியாவுக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

ஒருநாள் திருகோணமலை பஸ் நிலையத்தில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த முஸ்லிம் பெண்மணி என் முகத்தையே பார்த்தார்.

"தங்கச்சி, மூக்குத்தி உள்ளுக்குப் போகுது. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"பின்னேரம் போறன்."

"பின்னேரம் வரைக்கும் வச்சிருக்க ஏலாது. வாங்க, நானும் வாறன்."

பஸ் புறப்படுமுன் என்னை இறக்கிக் கூட்டிப்போனார். டொக்டர் மூக்கு விறைக்க ஊசி போட்டுக் கல்லை வெளியே எடுக்கும்வரை அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்திருந்தார்.

"முதல்ல நீளத் தண்டுதான் போடவேணும். வீக்கம் வத்தின பிறகுதான் குட்டை," என்றார் டொக்டர்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "நீங்கள் எங்க போக வெளிக்கிட்டனீங்கள்?"

"என்ட கூடப்பிறந்த ராத்தாட மகளுக்கு இண்டைக்குக் கலியாணம். சாப்பாட்டுக்காவது போய்ச் சேர்ந்திருவன்," என்று சிரித்துக்கொண்டே ஓட்டோவில் ஏறினார்.

நானாக இருந்தால் அந்த பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.